41-னா என்ன பாஸ்?

ரெண்டு கம்ப்யூட்டர் பேசிக்கிட்டா, முதல் சண்டை ‘டைப்’ விஷயத்துலதான் வரும்!

ஒரு குட்டி டெஸ்ட். கீழே இருக்கிறதைப் பார்த்துட்டு, இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்.

41

பஸ் நம்பரா? இன்டர்னல் மார்க்கா? ஷூ சைஸா? பக்கத்து பெஞ்ச் பார்ட்டியோட ரோல் நம்பரா? சட்டுனு சொல்ல முடியலை இல்ல? மார்க்னா கூட்டி ஆவரேஜ் எடுக்கலாம். ரோல் நம்பரைக் கூட்டி ஆவரேஜ் எடுத்தா லேப் அசிஸ்டென்ட்டே சிரிப்பார். ரெண்டுக்கும் அதே 4, அதே 1. ஆனா ரெண்டும் வேற வேற ஆசாமி.

நமக்குப் பிரச்னை இல்லை. மார்க் ஷீட்ல பார்த்தா மார்க், பஸ் நெத்தியில பார்த்தா ரூட்டுன்னு இடத்தை வெச்சுப் புரிஞ்சுக்குவோம். கம்ப்யூட்டருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அதுவும் நீங்க எழுதின புரோகிராம் ஒரு ஊர்லயும், அது பேசவேண்டிய புரோகிராம் இன்னொரு ஊர்லயும் இருந்தா கதை கந்தல். ‘நான் அனுப்புறது எண்ணு, எழுத்து இல்லை’ன்னு ஒவ்வொரு தகவலுக்கும் நெத்தியில ஒரு லேபிள் ஒட்டித்தான் அனுப்பணும். அந்த லேபிள் சமாசாரம்தான் இந்த வாரம் நம்ம மேட்டர்.

பயந்து அடுத்த பக்கத்துக்கு ஓடிடாதீங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மென்ட்டா இல்லாட்டியும் புரியும். கேரன்டி!

தூரத்துல இருந்து ஒரு குரல்

உங்க புரோகிராமுக்குள்ளேயே ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுறது, பக்கத்து ரூம் நண்பனைக் கூப்பிடுற மாதிரி. ‘டேய்!’னா வந்துடுவான். ஆனா அந்த ஃபங்ஷன் வேற ஏதோ ஊர்ல, வேற கம்ப்யூட்டர்ல இருந்தா? அப்பவும் அதே மாதிரி ஈஸியா கூப்பிட முடியணும்கிற ஆசையில பிறந்ததுதான் ‘ரிமோட் புரொசீஜர் கால்’. சுருக்கமா ஆர்.பி.சி. ஜெராக்ஸ் கம்பெனியோட ஆராய்ச்சிக்கூடத்துல இருந்த ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் ரெண்டு பேரும் 1984-ல இதை எப்படிச் செய்யலாம்னு விலாவாரியா ஒரு கட்டுரை எழுதினாங்க. இன்னிக்கும் டிஸ்ட்ரிபியூடட் சிஸ்டம்ஸ் பாடத்துல அந்தப் பேர்கள் வரும். எக்ஸாமுக்கும் உதவும், குறிச்சு வெச்சுக்கங்க.

ஐடியா சூப்பர். சிக்கல் எங்கேன்னா, அனுப்புற கம்ப்யூட்டர் ஒரு கம்பெனி, வாங்குற கம்ப்யூட்டர் இன்னொரு கம்பெனி. இது ஜாவா பேசும், அது பைத்தான் பேசும், மூணாவது பி.ஹெச்.பி. பேசும். ஒவ்வொண்ணும் எண்ணையும் தேதியையும் உள்ளுக்குள்ள வைக்கிற விதமே வேற. நடுவுல ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷை வேணும்.

1998 பிப்ரவரியில எக்ஸ்.எம்.எல். 1.0 வெளியாச்சு. எதை வேணும்னாலும் டேக் போட்டு எழுதிக்கலாம்கிற சுதந்திரம். அதே வருஷம் யூசர்லேண்ட் சாஃப்ட்வேர் கம்பெனியின் டேவ் வைனரும், மைக்ரோசாஃப்ட் பக்கம் இருந்த சிலரும் சேர்ந்து பேசினதுல உருவானதுதான் எக்ஸ்.எம்.எல்-ஆர்.பி.சி. அந்தப் பேச்சோட இன்னொரு கிளை பெரிசா வளர்ந்து ‘சோப்’ ஆச்சு. சோப்போட விதிமுறையைப் படிக்க ஒரு செமஸ்டர் லீவு வேணும். எக்ஸ்.எம்.எல்-ஆர்.பி.சி. விதிமுறையோ சில பக்கம்தான். கேன்டீன்ல டீ ஆறுறதுக்குள்ள படிச்சு முடிச்சுடலாம்.

அந்த விதிமுறையில வர்ற முதல் உதாரணம் என்ன தெரியுமா? ஒரு சர்வர்கிட்ட ‘41-வது மாநிலம் பேரென்ன?’ன்னு கேட்கிறாங்க. ‘சவுத் டகோட்டா’ன்னு பதில் வருது. அமெரிக்க மாநிலங்களை அகர வரிசையில அடுக்கினா அதுதான் 41-வது. நம்ம டெஸ்ட் எங்கிருந்து வந்ததுன்னு இப்ப புரியுதா?

கேள்வியில போகிற அந்த 41, டேக்குகளை நம்ம எழுத்துல எழுதினா, இப்படி இருக்கும்:

<வேல்யூ><ஐ4>41</ஐ4></வேல்யூ>

‘ஐ4’னா நாலு பைட் இன்டிஜர். ‘இன்ட்’னு எழுதினாலும் அதே அர்த்தம்தான். லேபிள் ஒட்டியாச்சு. இனிமே அது ஷூ சைஸா, ரூட் நம்பரான்னு தெரியாட்டியும், எண்ணுன்னாவது எதிராளிக்குத் தெரியும்.

மொத்தமே எட்டு லேபிள்தான்

எக்ஸ்.எம்.எல்-ஆர்.பி.சி-யில இருக்கிற டைப்களை விரல் விட்டே எண்ணிடலாம். முழு எண்ணுக்கு இன்ட். ஆமா-இல்லைக்கு பூலியன். எழுத்துக்கு ஸ்ட்ரிங். புள்ளி வெச்ச எண்ணுக்கு டபுள். தேதி-நேரத்துக்கு டேட்டைம். போட்டோ, பாட்டு மாதிரி ஃபைல்களுக்கு பேஸ்64. இந்த ஆறும் தனி ஆட்கள். இவங்களை வரிசையா நிக்க வைக்க அர்ரே. ஆளுக்கு ஒரு பேர் கொடுத்து ஒரே வீட்டுல குடிவைக்க ஸ்ட்ரக்ட். அவ்வளவுதான், கடை சாத்தியாச்சு!

சின்ன லிஸ்ட்டா இருக்கேன்னு அசால்ட்டா விட்டுடாதீங்க. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு பொறி இருக்கு. அதைக் காட்ட ஒரு கற்பனை புராஜெக்ட் எடுத்துக்கலாம்.

உங்க காலேஜ் என்.எஸ்.எஸ். யூனிட் ரத்த தானம் செய்றவங்க பட்டியல் ஒண்ணு வெச்சிருக்கு. ஊர்ல இருக்கிற ஒரு ரத்த வங்கி சர்வருக்கு அந்தப் பட்டியலை அனுப்பணும். அவசரம்னா அவங்க அதைப் பார்த்துதான் போன் பண்ணுவாங்க. ஒவ்வொரு நபரும் ஒரு ஸ்ட்ரக்ட். உள்ளே பேர், போன் நம்பர், ஹீமோகுளோபின் அளவு, கடைசியா ரத்தம் கொடுத்த தேதி, இப்ப கொடுக்கலாமா கூடாதா, போட்டோ. அனுப்பிப் பார்ப்போமா?

பொறி 1: போன் நம்பர் எண்ணே இல்லை!

‘நம்பர்’னு பேர்லயே இருக்கு, இன்ட் லேபிள் ஒட்டிடலாம்னுதான் யாருக்கும் முதல்ல தோணும். கவனம்! நாலு பைட் இன்டிஜர்ல அடங்குற ஆகப் பெரிய எண் 2147483647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. நம்ம ஊர் மொபைல் நம்பர் பத்து இலக்கம். 6, 7, 8, 9-ல தொடங்கும். குறைஞ்சபட்சமே 600 கோடி! ஆக, இந்தியாவுல ஒரு மொபைல் நம்பர்கூட இன்ட்டுக்குள்ள அடங்காது.

அடம்பிடிச்சு அனுப்பினா? நல்ல லைப்ரரின்னா கத்தும். பைத்தான்ல இருக்கிற எக்ஸ்.எம்.எல்-ஆர்.பி.சி. மாட்யூல், எண் எல்லையைத் தாண்டிடுச்சுன்னு எரர் கொடுத்து நின்னுடும். பொறுப்பில்லாத புரோகிராம்னா, மேலே வழியிற பிட்டுகளை வெட்டிட்டு மிச்சத்தை வெச்சுக்கும். 900 கோடியை 32 பிட்ல திணிச்சா மிஞ்சுறது 410065408. பத்து இலக்கம் ஒன்பதாச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஓ நெகட்டிவ் தேடுறவங்க அந்த நம்பருக்கு அடிச்சா என்ன பலன்?

இந்த எல்லை பெரிய ஆட்களையும் சீண்டியிருக்கு. 2014 டிசம்பர்ல ‘கங்னம் ஸ்டைல்’ வீடியோவைப் பார்த்தவங்க எண்ணிக்கை இதே 2147483647-ஐ நெருங்க, கவுன்ட்டரை 64 பிட்டுக்கு மாத்திட்டோம்னு யூடியூப் சொல்லுச்சு.

இன்னொரு விஷயம். ‘முன்னாடி வர்ற பூஜ்யங்கள் காணாமப் போகும்’னு விதிமுறையே சொல்லுது. சென்னையோட எஸ்.டி.டி. கோடு 044-ஐ இன்ட்டா அனுப்பினா 44-ஆ போய்ச் சேரும். பூஜ்யத்துல ஆரம்பிக்கிற ரோல் நம்பருக்கும் அதே கதிதான்.

ரூல் ரொம்ப சிம்பிள்: கூட்டிக் கழிக்கப் போறீங்களா? அப்ப அது எண். கூட்ட மாட்டீங்களா? அப்ப அது எழுத்து. ரெண்டு பேரோட போன் நம்பரைக் கூட்டி யாரும் மூணாவது ஆளுக்குப் போன் பண்றதில்லையே!

பொறி 2: லேபிள் இல்லாத பார்சல்

லேபிளே ஒட்டாம அனுப்பினா என்ன ஆகும்? விதிமுறை தெளிவா சொல்லுது: லேபிள் இல்லைன்னா அது ஸ்ட்ரிங். எழுத்து. முடிஞ்சது கதை.

இப்ப ஹீமோகுளோபின் அளவுக்கு வாங்க. நம்ம நாட்டு விதிப்படி ரத்தம் கொடுக்க டெசிலிட்டருக்கு 12.5 கிராமாவது இருக்கணும். ஒருத்தருக்கு 9.5 இருக்குன்னு வைங்க. டபுள்னு லேபிள் ஒட்ட மறந்தாச்சு. 9.5 எழுத்தா போய்ச் சேருது. அந்தப் பக்கம் 12.5-ஐயும் எவரோ எழுத்தாவே வெச்சிருக்காங்க. பைத்தானோ ஜாவா ஸ்கிரிப்ட்டோ ரெண்டு எழுத்துச் சரத்தை ஒப்பிட்டா, அகராதி மாதிரி முதல் எழுத்துல இருந்து பார்க்கும். 9-ஆ, 1-ஆ? 9-தான் பெரிசு. ‘9.5, 12.5-ஐ விட அதிகம்’னு தீர்ப்பு! ரத்தசோகை இருக்கிறவர் பாஸ்!

ரத்த வங்கியில மறுபடி டெஸ்ட் பண்ணித்தான் எடுப்பாங்க, அதனால அவருக்கு ஆபத்து வராது. ஆனா அவசர நேரத்துல தப்பான ஆளை வரவழைச்சு, திருப்பி அனுப்பி, வேற ஆளைத் தேடணும். போன அரை மணி நேரம் யார் வீட்டுக் கணக்கு?

இதுல பயங்கரம் என்னன்னா, எரரே வராது. எல்லாம் பச்சை விளக்கு. கத்துற எரரை விட, கம்முனு உட்கார்ந்திருக்கிற எரர்தான் ஆளைக் கவுக்கும்.

பொறி 3: ‘இல்லை’ன்னா ‘ஆமா’ன்னு அர்த்தம்

பூலியனுக்கு விதிமுறை கொடுத்த மதிப்பு ரெண்டே ரெண்டு: 1 இல்லைன்னா 0. ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’னு எழுத்துல எழுதறதெல்லாம் செல்லாது. அதை ஸ்ட்ரிங்கா அனுப்பினா என்ன கூத்து பாருங்க. பைத்தானுக்கு எழுத்துச் சரம் காலியா இல்லைன்னாலே அது ‘ஆமா’ கணக்கு. ‘0’ங்கிற எழுத்தும் ஆமா, ‘ஃபால்ஸ்’ங்கிற எழுத்தும் ஆமா. பி.ஹெச்.பி-க்கு ‘0’ங்கிற எழுத்து இல்லை, ஆனா ‘ஃபால்ஸ்’ங்கிற எழுத்து ஆமா! ‘இவர் இப்ப ரத்தம் கொடுக்கக் கூடாது’ன்னு நீங்க அனுப்பினது, அங்கே ‘தாராளமா கொடுக்கலாம்’னு போய் நிக்கும்.

பொறி 4: தேதி சரி... எந்த ஊர் தேதி?

03/04-னா மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? அமெரிக்காவுல ஒண்ணு, நமக்கு ஒண்ணு. இந்தத் தலைவலிக்கு எக்ஸ்.எம்.எல்-ஆர்.பி.சி. நல்ல மருந்து வெச்சிருக்கு. ஐ.எஸ்.ஓ. 8601 முறையில வருஷம், மாசம், தேதின்னு பெரிசுல இருந்து சிறிசா எழுதணும். விதிமுறையில இருக்கிற உதாரணம், 1998 ஜூலை 17, மதியம் 2 மணி 8 நிமிடம் 55 விநாடி. தேதிக்கு 19980717, அப்புறம் ஆங்கில ‘டி’ எழுத்து, அப்புறம் 14:08:55. குழப்பமே இல்லை.

இருங்க, ஒரே ஒரு குழப்பம் பாக்கி. மதியம் 2 மணி எந்த ஊர்ல? அதைச் சொல்ல இடமே இல்லை! ‘டைம் ஸோன் எதுன்னு நீங்களா யூகிக்காதீங்க, சர்வர்காரங்க டாக்குமென்ட்ல எழுதி வைக்கணும்’னு சொல்லிட்டு விதிமுறை நழுவிடுது. டாக்குமென்ட் எழுதுறவங்க எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும்.

நமக்கு இது பெரிய விஷயம். நம்ம கடிகாரம் உலகப் பொது நேரத்தை விட அஞ்சரை மணி முன்னாடி ஓடுது. நம்ம ஊர்ல ஜூலை 10 பிறக்கிற நள்ளிரவு 12 மணி, பொது நேரப்படி ஜூலை 9 மாலை 6.30. தேதியை மட்டும் பதியணும்னு நீங்க நள்ளிரவு 12-னு போட்டு அனுப்ப, அந்தப் பக்கம் பொது நேரத்துக்கு மாத்தி தேதியை மட்டும் எடுத்தா, ஒரு நாள் பின்னாடி போயிடும். ஆண்கள் ஒரு தடவை ரத்தம் கொடுத்தா 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விடணும்கிறது விதி. ஒரு நாள் பிசகினா அந்தக் கணக்கும் பிசகும்.

பொறி 5: ‘ஒண்ணுமில்லை’ன்னு எப்படிச் சொல்றது?

ஒருத்தர் இதுவரைக்கும் ரத்தமே கொடுத்ததில்லை. அப்ப ‘கடைசியா கொடுத்த தேதி’யில என்ன போடுவீங்க? நம்ம எட்டு லேபிளை மறுபடி எண்ணிப் பாருங்க. ‘காலி’ங்கிறதுக்கு லேபிளே இல்லை! பூஜ்யம் வேற, காலி எழுத்து வேற, ‘இல்லவே இல்லை’ங்கிறது வேற. மூணாவதைச் சொல்ல மூல விதிமுறையில வழி கிடையாது.

வழி இல்லைன்னா ஜனங்க சும்மா இருப்பாங்களா? ‘நில்’னு ஒரு டேக்கைத் தாங்களே சேர்த்துக்கிட்டாங்க. பைத்தான்ல அதுக்குத் தனியா அனுமதி கொடுத்தாத்தான் போகும், இல்லைன்னா எரர். அப்பாச்சியோட ஜாவா லைப்ரரி, நில்லையும் எட்டு பைட் இன்டிஜரையும் தனி எக்ஸ்டென்ஷனா சேர்த்துச்சு. ஆனா எதிராளிக்கும் அது தெரிஞ்சிருக்கணுமே! உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ரகசிய பாஷையில பேசினா அவர் முழிப்பார்.

சேஃபான வழி என்ன? அந்தத் தகவலையே ஸ்ட்ரக்ட்ல இருந்து எடுத்துடுங்க. பேர் போட்டு பொய்த் தகவல் வைக்கிறதை விட, அந்தப் பேரையே வைக்காம விடுறது உத்தமம். ‘இது இல்லாமலும் வரலாம்’னு ரெண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி வெச்சுக்கங்க.

கயல்விழிக்கு இடம் இருக்கா?

இப்ப நமக்கு நெருக்கமான விஷயம். பேர்.

1999 விதிமுறையில ஸ்ட்ரிங்னா என்னன்னு ஒரே வரியில எழுதியிருந்தாங்க: ‘ஆஸ்கி ஸ்ட்ரிங்’. ஆஸ்கின்னா மொத்தமே 128 குறியீடு. ஆங்கில எழுத்து, எண், சில குறிகள். எழுத்துக்கு எழுத்து அதைப் பின்பற்றினா ‘கயல்விழி’ங்கிற பேர் ஸ்ட்ரிங்கே கிடையாது! இத்தனைக்கும் எக்ஸ்.எம்.எல். தன்னளவுல யூனிகோடை ஏத்துக்கும். அதே விதிமுறையோட கேள்வி-பதில் பகுதியில ‘ரெண்டு குறிகளைத் தவிர எந்த எழுத்தும் வரலாம்’னும் இருந்துச்சு. ஒரே தாள்ல ரெண்டு பேச்சு. சிலர் கேள்வி-பதிலை நம்பி எல்லாத்தையும் விட்டாங்க. சிலர் அட்டவணையை நம்பி ஆஸ்கியைத் தாண்டினா கதவைச் சாத்தினாங்க.

2003 ஜூன் மாசம்தான் டேவ் வைனர் அந்த வரியில இருந்து ‘ஆஸ்கி’ங்கிற ஒரு வார்த்தையை எடுத்தார். ஒரே ஒரு வார்த்தை! தமிழ், ஹிந்தி, ஜப்பானிய மொழின்னு எல்லா மொழிப் பேர்களுக்கும் விதிப்படி இடம் கிடைச்சது அப்பதான். ஸ்டாண்டர்டு எழுதுறவங்க விட்ட ஒரு சொல், பல கோடி பேரோட பெயரை வாசல்ல நிறுத்தி வைக்கும்கிறதுக்கு இதை விட உதாரணம் வேணுமா?

அதுவரைக்கும் ஆஸ்கி கதவைத் தாண்ட ஒரு குறுக்கு வழி இருந்துச்சு: பேஸ்64. எந்த பைட்டா இருந்தாலும் ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண் 10, கூட்டல் குறி, சாய்கோடுன்னு 64 குறிகளுக்குள்ள மாத்திடும். மூணு பைட் உள்ளே போனா நாலு குறி வெளியே வரும். போட்டோவுக்காக வந்த இந்த லேபிளை எழுத்துக்கும் பயன்படுத்தலாம்தான். ஆனா அதுல ஒரு வலி இருக்கு.

கயல்விழின்னு எழுதிப் பாருங்க. கண்ணுக்கு அஞ்சு எழுத்து. யூனிகோடுல புள்ளி, கொம்பெல்லாம் தனித்தனி குறியீடு, அதனால எட்டு. யு.டி.எஃப்-8 முறையில தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் மூணு பைட், ஆக 24. அதை பேஸ்64-ல போட்டா 32 குறி. இடம் போறதைக் கூட மன்னிக்கலாம். வாங்குறவருக்கு ‘இது ஏதோ ஒரு ஃபைல்’னு மட்டும்தான் தெரியும். பேர்னு தெரியாது. தேட முடியாது, அகர வரிசையில அடுக்க முடியாது. கயல்விழி பட்டியல்ல இருப்பாங்க, ஆனா பேர் சொல்லிக் கூப்பிட முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. இன்னிக்கும் பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்ச எக்ஸெல் ஷீட்டுகள் பல ஆபீஸ்ல இருக்கு. திரையில தமிழா தெரியும், உள்ளே வேற குறியீடு. அதை அப்படியே ஸ்ட்ரிங்கா தள்ளிட்டா அந்தப் பக்கம் புரியாத கிறுக்கல்தான் மிஞ்சும். முதல்ல யூனிகோடுக்கு மாத்துங்க, அப்புறம் அனுப்புங்க.

‘இதெல்லாம் பழைய சரக்கு பாஸ்!’

இப்படி ஒரு குரல் கடைசி பெஞ்சுல இருந்து வரும்னு தெரியும். இன்னிக்கு எல்லாரும் ஜேசன்தானே, எதுக்கு இந்தக் கதைன்னு. பி.ஹெச்.பி-யே 2020-ல வந்த 8.0 பதிப்புல எக்ஸ்.எம்.எல்-ஆர்.பி.சி. எக்ஸ்டென்ஷனைத் தன் கூடவே கொடுக்கிறதை நிறுத்திடுச்சு. உண்மைதான்.

ஆனா முழுசா போயிடலை. வேர்ட்பிரஸ்ல அதுக்குன்னு ஒரு ஃபைல் இன்னமும் உட்கார்ந்திருக்கு. பைத்தான் கூடவே அந்த மாட்யூல் வருது. ரோபோட்டிக்ஸ் கிளப் ஆட்கள் பயன்படுத்தின ராஸ் முதல் தலைமுறையில, ரோபோவோட பாகங்கள் ஒண்ணை ஒண்ணு தேடிக் கண்டுபிடிச்சது எக்ஸ்.எம்.எல்-ஆர்.பி.சி. மூலமாத்தான்.

அதை விட முக்கியம், ஜேசன் வந்ததால பொறிகள் போயிடலை. இடம்தான் மாறியிருக்கு. எக்ஸ்.எம்.எல்-ஆர்.பி.சி-க்கு ‘காலி’ சொல்லத் தெரியாது, ஜேசனுக்குத் தெரியும். ஆனா ஜேசன்ல தேதிக்கு டைப்பே கிடையாது. போட்டோவுக்கும் கிடையாது. முழு எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் சேர்த்து ஒரே ‘நம்பர்’. ஜாவா ஸ்கிரிப்ட் தன்னோட சாதாரண நம்பர்ல பிசகில்லாம வெச்சுக்கிற முழு எண்ணோட எல்லை 9007199254740991. 2010-ல ட்விட்டர் தன்னோட ட்வீட் நம்பர்களை 64 பிட் அளவுக்குப் பெரிசாக்கினப்ப, கடைசி இலக்கங்கள் மாறிப் போயிடும்னு தெரிஞ்சு, அதே நம்பரை ஸ்ட்ரிங்காவும் சேர்த்து அனுப்ப ஆரம்பிச்சது. நம்ம போன் நம்பர் கதையேதான்!

நாளைக்கு ஜேசனுக்கும் வயசாகும், வேற ஒண்ணு வரும். அப்பவும் அனுப்புற ஆளுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம், வாங்குற ஆளுக்குத் தானா தெரியாது. எழுதி அனுப்பினதுதான் போய்ச் சேரும், மனசுல நினைச்சது சேராது. மெஷினுக்கு மட்டுமா, மனுஷனுக்கும்தானே!

ராத்திரிக்கு ஒரு ஹோம் வொர்க்

நெட் கூட வேண்டாம், பைத்தான் இருந்தா போதும். எக்ஸ்.எம்.எல்-ஆர்.பி.சி. கிளையன்ட் மாட்யூலை இம்போர்ட் பண்ணுங்க. அதுல ‘டம்ப்ஸ்’னு ஒரு ஃபங்ஷன். நீங்க கொடுக்கிறதை எந்த லேபிள் ஒட்டி அனுப்பும்னு அப்படியே காட்டிடும். கொடுக்கிறதை அடைப்புக்குறிக்குள்ள ஒரு டூப்பிளா கொடுக்கணும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

முதல்ல 41 கொடுங்க. இன்ட் வரும். மேற்கோள் குறிக்குள்ள 41 கொடுங்க, ஸ்ட்ரிங். 41.0, டபுள். ‘ட்ரூ’ கொடுத்தா பூலியன் 1. ‘நன்’ கொடுத்தா எரர். 900 கோடி கொடுத்தா இன்னொரு எரர். உங்க பேரைத் தமிழ்ல கொடுங்க, அப்படியே அழகா வரும். அனுப்புற தகவலுக்குள்ள ஒரு டூப்பிளை வெச்சு அனுப்பிட்டு, அந்தப் பக்கம் திரும்ப எடுத்துப் பாருங்க, லிஸ்ட்டா மாறியிருக்கும். அர்ரேன்னு ஒரே லேபிள்தானே இருக்கு! பத்து நிமிஷ வேலை.

அடுத்த புராஜெக்ட் ரிவ்யூவுக்குப் போறதுக்கு முன்னாடி, உங்க சிஸ்டம் வெளியே அனுப்புற ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு பேப்பர்ல நாலு பதில் எழுதிக்கங்க.

* இதைக் கூட்டுவோமா, வெறுமனே படிப்போமா?

* ஆகப் பெரிய மதிப்பு எவ்வளவு போகும்? காசை டபுள்ல வைக்காதீங்க, பைசாவா மாத்தி இன்ட்ல வைங்கன்னு சொல்லுவாங்க. நல்ல யோசனைதான். ஆனா நாலு பைட் இன்ட்ல 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசா வரைக்கும்தான் தாங்கும்!

* தேதின்னா எந்த ஊர் நேரம்?

* தகவல் இல்லைன்னா என்ன அனுப்புவோம்?

இந்த நாலு வரியை எதிர்ப்பக்கம் கோடு எழுதுற ஆளுக்கும் ஒரு காப்பி கொடுத்துடுங்க. அவர் உங்க பேட்ச்மேட்டா இருந்தாலும் சரி, பார்க்கவே போகாத ஒருத்தரா இருந்தாலும் சரி. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்காமலே போகலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஓ நெகட்டிவ் தேடுற ஆள் கட்டாயம் கேட்பார்!